கேடி என்றால் கேளுடி

இன்று காலை கடையின் ஷட்டரைத் தூக்கிவிட்டு, ஸ்டிக்கர் வெட்டும் மெஷினைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தேன். அது ஒரு சோம்பேறி, நாலு தட்டுத் தட்டினால்தான் கண் திறக்கும். சங்கராபுரத்தில் அந்நேரத்துக்கு யாரும் ஃப்ளெக்ஸ் அடிக்க வருவதில்லை. வந்தால் சாவு வீட்டுக்காரர்கள்தான் வருவார்கள். அதனால் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் மனசுக்குள் ஒரு கண்ணீர் அஞ்சலி டிசைனைத் திறந்துகொண்டேதான் நிமிர்ந்தேன். நின்றது உன் மகள் கயல். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புது ஸ்கூட்டர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "சித்தி, முன்னாடி ஒரு ஸ்டிக்கர் ஒட்டணும். ரெண்டே எழுத்து" என்றாள்.

"இன்னா எழுத்து?"

"கே.டி."

சிவப்பு ரோலைப் பிரித்தேன். பசை வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. கடைக்கு வந்தாலே நீ ரோலை எடுத்து மோந்து பார்ப்பாய். "நம்ம ஆஸ்டல் பெயிண்டு நாத்தமே அடிக்குதுடி" என்பாய். அது வேறு, இது வேறு என்று நான் சண்டைக்கு வருவேன். இன்று மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. அந்தப் பெயிண்டேதான்.

உன் பெயரை இந்த மடலில் எழுதப் போவதில்லை. உனக்கு அந்த இரண்டு எழுத்து போதும். உன் அப்பா பெயர் 'கு'வில் தொடங்கும், உன் பெயர் 'தெ'வில் தொடங்கும். தமிழில் எழுதினால் யாருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. இங்கிலீஷில் எழுதினால்தான் வம்பு, 'கு' கே ஆகிவிடும், 'தெ' டி ஆகிவிடும்.

கள்ளக்குறிச்சி ஹாஸ்டலுக்கு நாம் இருவரும் ஒரே நாளில் வந்து சேர்ந்தோம். நான் சமவெளிக்காரி, நீ கல்வராயன் மலையிலிருந்து பஸ் மாறி மாறி வந்தவள். எல்லோருடைய தகரப் பெட்டியும் ஒரே பச்சை. மாறிப் போகாமல் இருக்க அவரவர் இனிஷியலை இங்கிலீஷில் எழுதிக்கொள்ளுங்கள் என்று வார்டன் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்டைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் எழுதியது வழிந்து என் பெட்டி அழ ஆரம்பித்துவிட்டது. நீதான் பாவாடை நுனியால் துடைத்து, மறுபடி அச்சுப் போல எழுதிக் கொடுத்தாய். பிறகு உன் பெட்டிக்குப் போனாய். கே போட்டாய், ஒரு புள்ளி வைத்தாய், டி போட்டாய், இன்னொரு புள்ளி வைத்தாய். தள்ளி நின்று அழகு பார்த்தாய்.

முதலில் ஒருத்தி வாய்விட்டுப் படித்தாள். அப்புறம் அந்த ஹாலே சிரித்தது. "ஏய், பெட்டி கேடியா, பெட்டிக்காரி கேடியா?" என்று ஜன்னல் பக்கமிருந்து ஒரு குரல். நானும்தான் சிரித்தேன். பதிமூன்று வயசில் யாருக்குத்தான் சிரிப்பு வராது? நீ சிரிக்கவில்லை, அழவும் இல்லை. பிரஷ்ஷைக் கழுவி, டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாய். அழித்துவிடுவாய் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அழிக்கலியா?" என்று நான் கேட்டேன்.

"எதுக்கு அழிக்கணும்? எம் பேரு" என்றாய்.

மறுநாள் மாடியில் துணி காயப் போடும்போதுதான் மீதியைச் சொன்னாய். கேட்காமலே சொன்னாய், ஈரத் துணியை உதறிக்கொண்டே. "எங்கப்பா ஒருத்தர வெட்டிட்டாரு. நெலத்துத் தகராறு. அந்த ஆளு சாவல, ஆனா கை ஒண்ணு வெளங்காமப் போச்சு. எங்கப்பா ஜெயிலுக்குப் போனாரு, வந்தாரு. அத்தோட முடிஞ்சிருக்கணும். இப்ப கீழ எங்கனா ஆடு காணோம், மோட்டார் காணோம்னா ஜீப்பு எங்கூட்டு முன்னாடி வந்து நிக்குது. ஜீப்பு வந்தா ஊருக்கு அவரு கேடி. நான் கேடி பொண்ணு."

ஜீப் வந்தால் உன் அப்பா என்ன செய்வார் என்று கேட்டேன். ஆணியில் மாட்டியிருக்கும் சட்டையை எடுத்துப் போட்டு, கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பார் என்றாய். "இன்னாங்க சார்னு கூடக் கேக்க மாட்டாரு. நிப்பாரு, அவ்ளோதான்."

அவர் செய்யவில்லை என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. அதுதான் எனக்கு உன்னிடம் முதலில் பிடித்தது. "வெட்டுனாரு. உள்ள இருந்தாரு. வந்தாரு. முடிஞ்சிதா இல்லியா? அத மட்டும் எவனாவது சொல்லட்டும்" என்றாய். அந்தக் கேள்விக்குப் பதில் வரப் பல வருஷம் ஆனது. ஆனால் வந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் தமிழம்மா சொற்கள் எப்படிப் பிறக்கின்றன என்று நடத்திக்கொண்டிருந்தார். 'கெடு' நீண்டு 'கேடு' ஆகும் என்றதும், பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி வேண்டுமென்றே, "அப்ப கேடி எதுலேர்ந்து வருதும்மா?" என்றாள். அம்மாவுக்கு உள்விஷயம் எதுவும் தெரியாது. "நல்ல கேள்வி. கேடு செய்பவன் கேடி. தூய தமிழ்ச் சொல்" என்று கரும்பலகையில் எழுதியே போட்டுவிட்டார். வகுப்பு மொத்தமும் உன்னைத் திரும்பிப் பார்த்தது. நீ அதை நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாய். எனக்கு அந்த விளக்கம் வெகுவாகப் பிடித்துவிட்டது. எவ்வளவு பொருத்தம்! அதற்கப்புறம் பல வருஷம் நான் அந்தக் கட்சி. நீ என்னவோ அது தமிழே இல்லை என்று அடித்துச் சொன்னாய். காரணம் கேட்டால், "தமிழுக்கு எங்கப்பா மேல இன்னாடி கோவம்?" என்பாய்.

உன்னை வம்புக்கு இழுக்க அவர்களுக்கு ஆயிரம் வழி. உன் நோட்டு அட்டையில் 'கள்வராயன் மலை' என்று பெரிய 'ள' போட்டு எழுதி வைத்தார்கள். நீ சிவப்புப் பேனாவை வாங்கி அந்த 'ள'வைச் சுழித்து, மேலே 'ல' போட்டு, பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி பாதி மார்க்கும் போட்டுத் திருப்பிக் கொடுத்தாய். "மலைக்குச் சின்ன ல, திருடனுக்குத்தான் பெரிய ள. ஒங்க நாக்குக்கு ரெண்டும் ஒண்ணுதான், இன்னா பண்றது." இன்றைக்கு என் கடையில் ஒரு ஃப்ளெக்ஸ் 'ல', 'ள' தப்பாக வெளியே போகாது. அதற்குக் காரணம் அந்தச் சிவப்புப் பேனாதான்.

அப்புறம் ஒருநாள், சாப்பாட்டு வரிசையில், அந்த ஜன்னல்காரி, "ஏ கேடி!" என்று கத்தினாள். நீ தட்டோடு திரும்பி, வெகு நிதானமாக, "சொல்லுடி" என்றாய். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "கேளுடின்னு கூப்ட்டல்ல? கேக்கறேன், சொல்லுடி" என்றாய். வரிசை குலுங்கிச் சிரித்தது. இந்த முறை உன் பக்கமாக நின்று சிரித்தது. அன்றிலிருந்து யார் 'கேடி' என்றாலும் உன்னிடமிருந்து 'சொல்லுடி'தான் வரும். கூப்பிட்டவள் சொல்ல விஷயம் இல்லாமல் விழிப்பாள். நீயும் எதைப் பேச ஆரம்பித்தாலும் 'கேளுடி' என்றே ஆரம்பிக்க, அது நம் அறையின் வழக்கமாகிப் போனது. ஆக அந்த வார்த்தைக்கு அப்போதே இரண்டு பிறப்பு. தமிழம்மா கொடுத்தது ஒன்று, நீ கொடுத்தது ஒன்று.

படிப்பு முடிந்ததும் நீ மலை ஏறிவிட்டாய். நான் டைப்பிங் கற்று, டி.டி.பி. கற்று, சங்கராபுரத்தில் கடை போட்டேன். நீ துரையைக் கட்டிக்கொண்டாய், சாமையும் மரவள்ளியும் வைத்தாய், கயலைப் பெற்றாய். மகளிர் குழுவுக்குத் தலைவி ஆனாய். யாருக்குப் பிரசவ வலி என்றாலும் வண்டி பிடித்துக் கூடப் போகிறவள் நீ. முதியோர் பென்ஷன், பட்டா, சாதிச் சான்று என்று யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் உன்னைத் தேடித்தான் வருவார்கள். மலையில் எந்த வீட்டு நாயும் உன்னைப் பார்த்துக் குரைக்காது என்று துரை அண்ணன் சொல்வார். நான் ஏதாவது விசேஷத்துக்கு மேலே வந்தால், உன்னோடு நடந்து ஒரு தெருவைக் கடப்பதற்குள் எனக்குப் பசி எடுத்துவிடும். அத்தனை வாசலிலும் நின்று பேசுவாய்.

ஊராட்சித் தலைவருக்கு நீ நில்லு என்று குழுப் பெண்கள் தள்ளினார்கள். நீயும் நின்றாய். எதிரே நின்றவர் உங்கள் மலைக்காரர்தான், ஆனால் காண்ட்ராக்ட் எடுத்துச் சம்பாதித்துக் கீழே மாடி வீடு கட்டிக் குடியேறிவிட்டவர். ஓட்டுக்கு மட்டும் காரில் மேலே வருவார். உனக்குக் கிடைத்த சின்னம் பூட்டு சாவி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, டிசைன் செய்ய எவ்வளவு எடுப்பான சின்னம்! மறுநாளே அவருடைய ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஒருவன் ஊர் ஊராகக் கத்திக்கொண்டு போனான். "கேடி கையில சாவியக் குடுக்கலாமா? பெரியோர்களே, தாய்மார்களே, கேடி கையில சாவியக் குடுக்கலாமா?"

நல்ல வாசகம்தான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். தொழில்காரியாக எனக்கே பொறாமை வந்தது. அதற்கு மேல் கோபம் வந்தது. அந்த ஆட்டோவை எங்கேயாவது பார்த்தால் மைக் ஒயரைக் கடித்துத் துப்பிவிடுவேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் நீ கடைக்கு வந்தாய். முகம் கறுத்திருந்தது. நான் உனக்காக அடித்து வைத்திருந்த மாதிரி நோட்டீஸைக் கையில் எடுத்தாய். இங்கிலீஷ் இனிஷியல் போடுவதுதான் நம் பக்கத்து மரியாதை, அதனால் 'கே.' என்று உன் பெயருக்கு முன்னால் கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். நீ அதன் மேல் விரலை வைத்து மறைத்தாய்.

"கேளுடி. இத எடுத்துடு. எங்கூட்டுக்காரர் பேரு சேத்துப் போட்டுடு. துரை சம்சாரம்னு போடு."

"பெட்டியில இருந்தே அழிக்காதவ, நோட்டீசுல அழிக்கச் சொல்றியா?"

"நான் தாங்குவேன்டி. பள்ளிக்கூடத்துல கயலப் பாத்து கேடி பேத்தின்னு கத்துனாங்களாம். புள்ள புத்தகப் பையைத் தூக்கி மூலையில கடாசிட்டு, இனிமே போவ மாட்டேன்னு உக்காந்துக்கினு இருக்கா. எங்கப்பாவோட முடியல, என்னோடவும் முடியல, இப்ப அவ தலையிலயும் ஏறுது." உன் குரல் உடைந்தது. உன் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

எனக்கு அந்த வார்த்தை மேலேயே கோபம் திரும்பியது. பிழை பார்க்க வைத்திருந்த தடித்த அகராதியை இழுத்துப் போட்டு, எங்கிருந்துதான் வந்து தொலைத்தது இது என்று தேடினேன். கேடு என்ற பக்கத்தில்தான் இருக்கும் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். அதில் என்ன போட்டிருந்தது தெரியுமா? ஆங்கிலம். போலீஸ் வழக்கு. இரண்டு எழுத்துச் சுருக்கம்.  அத்தனை வருஷச் சண்டையில் நீ ஜெயித்துவிட்டாய், அதைக் கொண்டாடும் நிலையில்தான் நீ இல்லை.

பேரனின் காதுகுத்து ஃப்ளெக்ஸுக்காக ரிடையர்டு ஏட்டு ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "அதையா தேடறீங்க? நோன் டிப்ரடேட்டர்மா. நோன்னா தெரிஞ்ச, கே போட்டு எழுதுவாங்க. டிப்ரடேட்டர்னா கொள்ளைக்காரன். அந்தக் காலத்து வெள்ளைக்காரன் வெச்ச பேரு. திரும்பத் திரும்பத் திருடறவன், கொள்ளையடிக்கிறவன், அவன்தான் கே.டி. அடிதடி, வெட்டுக்குத்துன்னா அது வேற கணக்கு" என்றார்.

"வெட்டுனவர் கேடி இல்லீங்களா?" என்று நீ கேட்டாய்.

"அவர் எப்படிமா கேடி ஆவாரு? அவரு எதைத் திருடுனாரு?"

நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். அப்புறம் உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பட்டத்தக் கூடத் தப்பாக் குடுத்திருக்குதுடி எங்க ஊரு!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாய். ஏட்டு நாம் இருவரும் கழண்ட கேஸ் என்று நினைத்திருப்பார். சிரித்து முடித்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நோட்டீஸை மறுபடி கையில் எடுத்தாய்.  

"கேளுடி. தெரிஞ்ச கொள்ளக்காரன்னு தனியா ஒரு பேரு வெச்சிருக்கானே, அப்ப தெரியாத கொள்ளக்காரன் யாருடி?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்போது எழுதும்போதும் சிலிர்க்கிறது. ஏட்டு பெஞ்சை விட்டே எழுந்துவிட்டார். அன்று உன் நோட்டீஸில் இனிஷியல் போகவில்லை. பெருசாயிற்று. பெயருக்கு மேலே, பூட்டு சாவிக்குப் பக்கத்தில், சிவப்பில் 'கே.டி.' என்று, பெட்டியில் நீ வைத்த அதே இரண்டு புள்ளிகளோடு அடித்தேன்.

ரேஷன் கடை முன்னால் நீ பேசிய அன்று, நான் கடையைச் சாத்திவிட்டு மேலே வந்திருந்தேன். மைக் சரியில்லை, கூப்பிட்டால் அழுதது. உன் அப்பா பின்னால் புளியமரத்தடியில், முகத்தைக் காட்டாமல் துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். நீ மைக்கை ஓரமாக வைத்துவிட்டுச் சும்மாவே பேசினாய்.

"என்னக் கேடின்னு மைக்குல சொல்லிக்கினு போறாங்க. சந்தோசம். அது தமிழ் இல்லீங்க, இங்கிலீசு. தெரிஞ்ச கொள்ளக்காரன்னு அர்த்தம். எங்கப்பா கொள்ளையடிக்கல, வெட்டுனாரு. அதுக்கு உள்ள இருந்துட்டு வந்தாரு. நான் மறைக்கல, மறைச்சாலும் நிக்காது, இந்த மலைக்கே தெரியும். அதனால கொள்ளக்காரன்ங்கறத வுட்டுட்டு, தெரிஞ்ச-ங்கறத மட்டும் நான் எடுத்துக்கறேன். எங்கப்பா தெரிஞ்சவரு. நான் தெரிஞ்சவ. உங்கூட்டு அடுப்புல இன்னா வேகுதுன்னு எனக்குத் தெரியும், எங்கூட்டுல இன்னா வேகுதுன்னு உங்களுக்குத் தெரியும்."

ஒரு கிழவி, "ஆமாம்மா, தெரியும் தெரியும்" என்றாள். கூட்டம் மெல்லக் கலகலத்தது. நீ அது அடங்கும் வரை காத்திருந்தாய்.

"எனக்கு ஒரு சந்தேகம். தெரிஞ்சவன்னு ஒருத்தன் இருந்தா, தெரியாதவன்னு ஒருத்தன் இருக்கணுமில்ல? போன மழைக்கு முன்னாடி நம்மூருக்கு ஒரு ரோடு போட்டாங்க. இப்ப அது எங்கங்க? கீழ ஆடு காணோம்னா ஜீப்பு எங்கூட்டுக்கு வருது. ரோடே காணாமப் போச்சே, ஜீப்பு யார் வூட்டுக்குப் போச்சு?"

அந்த ரோட்டைப் போட்டது யார் என்று அங்கே நின்ற குழந்தைக்கும் தெரியும்.  எழுந்ததே ஒரு சிரிப்பு, ரேஷன் கடைத் தகரக் கூரை அதிர்ந்தது. நீ முடிக்கவில்லை. இடுப்பிலிருந்து உன் வீட்டுச் சாவியை எடுத்துத் தூக்கிக் காட்டினாய். "சாவிய யார் கையில குடுக்கறதுன்னு கேக்கறாங்க. காணாமப் போனா யார் வூட்ல வந்து தேடணும்னு உங்களுக்குத் தெரிஞ்ச ஆளு கையில குடுங்க!"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, தொண்டை இரண்டு நாள் கட்டிக்கொண்டது. புளியமரத்தடியில் உன் அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றதை நான் பார்த்தேன். நீ பார்த்தாயா என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் அந்த ஆட்டோ 'கேடி' என்று ஆரம்பித்தாலே போதும், பொடிசுகள் பின்னால் ஓடி, "தெரிஞ்ச கேடியா, தெரியாத கேடியா?" என்று கத்தும். மைக்குக்காரன் வாசகத்தையே மாற்றிவிட்டான். கயல் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். ஓட்டு எண்ணிய அன்று வாசலில் காத்து நின்ற கூட்டத்தில் நானும் இருந்தேன். உன் பெயரை முழுசாகச் சொல்லி அறிவித்தார்கள், வெளியே யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "எங்க கேடி! எங்க கேடி!" என்று மேளம் அதற்குத் தாளம் பிடித்தது. அத்தனை பெரிய சத்தத்தில் அந்த வார்த்தையிலிருந்து அசிங்கம் முழுசும் உதிர்ந்து விழுந்ததைக் காதால் கேட்டவள் நான். எத்தனையோ வாழ்த்து ஃப்ளெக்ஸ் அடித்திருக்கிறேன். அன்று அடித்ததுபோல் ஒன்று அடித்ததில்லை. அதில் எழுத்துப் பிழை இருந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை என்றால் பார்த்துக்கொள்.

ஆனால் நீ ஜெயித்தது அன்று இல்லை என்பாய். மலையில் தேர்த் திருவிழாவுக்கு முன்னால் ஒரு காலை, உன் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. நீ கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாய். ஜீப் சத்தம் கேட்டதும் உன் அப்பா பழக்கப்படி எழுந்தார். ஆணியிலிருந்து சட்டையை எடுத்தார். கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். புதிதாக மாற்றலாகி வந்த இளம் எஸ்.ஐ. இறங்கினார்.

"வரேங்க சார்" என்றார் உன் அப்பா.

"அய்யா, நீங்க எங்க வரீங்க? பந்தோபஸ்து விஷயமா தலைவரம்மாவப் பாத்துப் பேசிட்டுப் போலாம்னு வந்தேங்க. நீங்க உக்காருங்க."

உன் அப்பா உட்காரவில்லை. காக்கிச் சட்டைக்கு முன்னால் அவர் உட்கார்ந்து பழக்கமில்லாதவர். அந்தப் பிள்ளையும் விடவில்லை, "பெரியவர் நீங்க நிக்கறப்ப நான் எப்படிங்க உக்கார்றது?" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாணிக் கையோடு நீ வாசலுக்கு வந்து, இரண்டு பேரும் எதிரெதிரே நிற்பதைப் பார்த்தாய். நீயும் நின்றாய். கடைசியில் உன் அப்பா கழுத்துப் பட்டனைக் கழற்றிவிட்டு, மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர்கள் போனதும் எனக்கு போன் போட்டாய். மூச்சு வாங்கிக்கொண்டு, "கேளுடி. எங்கப்பா உக்காந்துட்டாருடி" என்றாய்.   மாடித் துணிக்கொடியில் நீ கேட்ட கேள்விக்கு, முடிந்ததா இல்லையா என்ற கேள்விக்கு, அதுதான் பதில். முடிந்தது.

நீ போட வைத்த ரோடு மழை பார்த்தும் அப்படியே கிடக்கிறது. பஸ் மேலே ஏறும்போது டிரைவர், "இது கேடி ரோடு, குலுங்காது" என்று புது ஆட்களுக்குச் சொல்வாராம். இன்னும் எவ்வளவோ செய்திருப்பாய். நோய்க்கு அந்த அவசரம் இருந்திருக்க வேண்டாம். போன ஆடியில் உன் கண்ணீர் அஞ்சலியை நான்தான் அடிக்க வேண்டியிருந்தது. உன் அப்பா தானே பஸ் ஏறி வந்து, அந்த ஏட்டு உட்கார்ந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.  "பேருக்கு முன்னாடி அந்த ரெண்டு எழுத்தும் பெருசாப் போடும்மா. எங்கிட்டேர்ந்து வந்தது அது, ஆனா எம் பொண்ணு கழுவிக் குடுத்தது" என்றார். போட்டேன். அழுதுகொண்டேதான் போட்டேன். ஆனால் அந்தப் போஸ்டரைப் பார்த்து எவனும் சிரிக்கவில்லை. நின்று கும்பிட்டார்கள்.

இன்று உன் மகளிடம் கேட்டேன். "உனக்கு எப்படிடி கே.டி. வந்துச்சு?"

கயலுக்கு மலை ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. இந்தத் திங்கள்கிழமை சேர்கிறாள். "கம்ப்யூட்டர்ல இனிஷியல் பின்னாடி வருது சித்தி. கயல்விழி டி. சுருக்குனா கே.டி. தானா வந்துருச்சு" என்றாள்.

"அந்த டி யாருது? உங்கப்பா துரையுதா, உங்கம்மாவுதா?"

"அம்மாவுதுன்னு அப்பாவே வுட்டுக் குடுத்துட்டாரு."

எழுத்தை வெட்டி, குமிழி வராமல் தேய்த்து ஒட்டினேன். புள்ளிகளைக் கடைசியில் வைத்தேன். அவள் தள்ளி நின்று அழகு பார்த்தாள். நீ பெட்டியைப் பார்த்த மாதிரியே தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அப்போது மூங்கில்துறைப்பட்டு போகிற பஸ் ரோட்டில் நின்றது. ஜன்னலிலிருந்து அவளோடு படித்தவள் ஒருத்தி தலையை நீட்டி, தெருவே கேட்க, "ஏ கேடி!" என்று கூவினாள்.

உன் மகள் வெகு நிதானமாகத் திரும்பினாள்.

"சொல்லுடி!"

நான் உள்ளே ஓடிவிட்டேன். அழவில்லை, நம்பு. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தால் அதற்கு என்ன பெயரோ, அது. நீ அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாயா, தானாக வந்ததா என்று நான் கேட்கவில்லை. மெஷினில் இன்னொரு 'கே.டி.' வெட்டி, அந்தச் சோம்பேறி மெஷின் நெற்றியிலேயே ஒட்டினேன். இனிமேல் தினமும் காலையில் தட்டும்போது உன் பெயரைத்தான் தட்டுவேன். தமிழம்மா சொன்ன பிறப்பும், வெள்ளைக்காரன் கொடுத்த பிறப்பும் அகராதியிலேயே இருக்கட்டும். என்னிடம் இருப்பது நீ கொடுத்த 'கேளுடி'தான். பிழை பார்த்துக் கண் பூத்துப்போகும்போதெல்லாம் அது காதில் விழுகிறது, நான் நிமிர்ந்து உட்காருகிறேன்.

வெளியே வந்தபோது கயல் வண்டியைக் கிளப்பிவிட்டாள். மலைப் பக்கம் திரும்பும் வளைவில் அந்தச் சிவப்பு எழுத்து வெயிலில் ஒருமுறை மின்னியது. கடை வாசலில் நின்று, யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல், சத்தமாகவே சொன்னேன்.

"கேளுடி. உம் பேரு மலை ஏறிப் போவுதுடி."